கையடக்க ஜிபிஎஸ் கருவியைக் கடையில் பொருத்தக் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கையடக்க ஜிபிஎஸ் கருவியை ஒயர் வெளியே தெரியாமல் வாகனத்தில் நிரந்தரமாகப் பொருத்தித் தருவதாகச் சொல்லும் உதிரிப்பொருள் கடைகளுக்குச் செல்லவிருப்பவர்கள், இதைப் படித்துவிட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். என் வாகனத்தில் அப்படியொரு கடை செய்த வேலையில் மூன்று பெரும் பிழைகள் இருந்தன. எதுவும் என்னைக் கேட்டுச் செய்யப்பட்டதல்ல. ஒன்று கருவியையே எரித்தது. மற்ற இரண்டும், ஏதேனும் மோதல் நேர்ந்திருந்தால், வாகனத்தில் இருந்தவர்களின் உயிருக்கே உலை வைத்திருக்கும்.

நான் கேட்டது மிக எளிய வேலை. கருவியுடன் வந்த, கண்ணாடியில் உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் சக்ஷன் கப் தாங்கியை, முன்கண்ணாடியில் ஓட்டுநர் பக்கக் கீழ்மூலையில், சாலையை மறைக்காதபடி பொருத்தி, சார்ஜர் ஒயரைக் கால் படாத இடமாகப் பார்த்து ஒதுக்கித் தர வேண்டும் என்று தெளிவாகச் சொல்லியிருந்தேன். பணிமனைக்குள் வாடிக்கையாளர்களுக்கு அனுமதி இல்லை என்று சொல்லி வாகனத்தை உள்ளே எடுத்துச் சென்றார்கள். வெளியே வந்தபோது, கருவி டேஷ்போர்டின் மேற்பரப்பில், முன்பயணியின் இருக்கைக்கு நேர் எதிரே, இருபக்கப் பசை நாடாவால் ஒட்டப்பட்ட ஒரு தகட்டின் மீது நின்றது. சக்ஷன் கப் வெயிலில் கழன்று விழுந்துவிடும், ஆகவே எல்லோருக்கும் இப்படித்தான் செய்கிறோம் என்று விளக்கம் தந்தார்கள். கருவியை இயக்கியும் காட்டினார்கள். அப்போது வாகனத்தின் சாவி திருப்பப்படவே இல்லை என்பதும், கருவி தன் சொந்த பேட்டரியில்தான் இயங்கிக்கொண்டிருந்தது என்பதும் பின்னர்தான் விளங்கின.

முதலில் அந்த இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பயணிக்கான ஏர்பேக் பெரும்பாலான கார்களில் டேஷ்போர்டின் அந்த மேற்பரப்புக்கு அடியில்தான் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. மேலே ஏர்பேக் என்ற எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். மோதலை உணரி கண்டறிந்த பிறகு, ஒரு முறை கண் இமைப்பதற்குள், ஒரு நொடியின் மிகச் சிறு பகுதியில் பை முழுவதுமாக விரிந்துவிடுகிறது. அது வெளிவரும் வேகம் மணிக்கு 300 கி.மீ. வரை இருக்கக்கூடும். அந்த மூடியின் மேல் ஒட்டப்பட்ட கருவி எந்தத் திசையில் எறியப்படும் என்று யாராலும் சொல்ல முடியாது. எதிரே இருப்பதோ பயணியின் முகம். அதோடு, மூடி தன் மெல்லிய தையல் கோட்டில் கிழிந்து திறக்க வேண்டும் என்றே வடிவமைக்கப்பட்டிருக்கும்போது, அதன் குறுக்கே ஒரு கெட்டியான தகட்டை ஒட்டுவது பை விரியும் விதத்தையே மாற்றிவிடலாம். இதை நான் சுட்டிக்காட்டியபோது, ஏர்பேக் விரிகிற அளவுக்கு விபத்து எல்லோருக்கும் நேர்வதில்லை என்று அந்தப் பணியாளர் பதில் சொன்னார். பாதுகாப்புச் சாதனங்களில் கைவைக்கும் தொழிலில் இருப்பவர் இப்படிப் பேசுவதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

இரண்டாவது பிழை மின் இணைப்பு. வாகனத்தின் மின்சாரம் பெயரளவில் 12 வோல்ட். இன்ஜின் ஓடும்போது அது 14 வோல்ட்டை ஒட்டி இருக்கும். கையடக்கக் கருவிகளில் பெரும்பாலானவை 5 வோல்ட்டில் சார்ஜ் ஆகின்றன. இடையே இந்த மாற்றத்தைச் செய்யும் சிறு மின்சுற்று சார்ஜரின் தடித்த பிளக்குக்குள்தான் இருக்கிறது. பல சார்ஜர்களில் ஃபியூஸும் அதற்குள்தான் உண்டு. பிளக் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது அழகாக இல்லை என்று கருதிய கடைக்காரர்கள் அதை வெட்டி எறிந்துவிட்டு, ஒயரை நேரடியாக ஃபியூஸ் பெட்டியில் முறுக்கிச் சேர்த்திருந்தார்கள். நான் வாகனத்தை ஓட்டிப் புறப்பட்டதும் கருவி தொட முடியாத அளவுக்குச் சூடேறி, திரை அணைந்து, பின்னர் உயிர்பெறவே இல்லை. கருவியில் ஏற்கெனவே கோளாறு இருந்திருக்கும் என்று கடை கைவிரித்தது. ஒயர் வெட்டப்பட்டிருப்பதால் உத்தரவாதம் செல்லாது என்று கருவியின் சேவை மையம் சொன்னது. சேவை மையம் சொன்னதில் தவறில்லை. கருவி போனதைவிட எனக்கு அச்சம் தந்தது, ஃபியூஸ் இல்லாத அந்த ஒயர்தான். அது எங்காவது உரசி உலோகத்தில் பட்டிருந்தால், டேஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பிடித்திருக்கக்கூடும்.

மூன்றாவது பிழையை வேறொரு மெக்கானிக் பிரித்துப் பார்த்தபோதுதான் அறிந்தேன், அதுவே அப்பட்டமான ஏமாற்று. சிக்னல் நன்றாகக் கிடைக்க வெளி ஆன்டெனா தேவை என்று சொல்லித் தனிக் கட்டணம் வாங்கியிருந்தார்கள். என் கருவியில் வெளி ஆன்டெனாவைச் செருகும் துளையே கிடையாது. ஆன்டெனாவின் ஒயர் முன்கண்ணாடியின் ஓரத் தூணுக்குள் இறங்கி, டேஷ்போர்டுக்குப் பின்னால் எதனோடும் இணையாமல் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன, நான்கின் சிக்னல் கிடைத்தால் கருவி தன் இடத்தைக் கணித்துவிடும். அந்த சிக்னல் வலுக் குறைந்ததுதான் என்றாலும் சாதாரணக் கண்ணாடியைத் தாராளமாகக் கடந்து வரும். வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சு இட்ட முன்கண்ணாடி மட்டுமே அதைப் பெரிதும் தடுக்கிறது. அத்தகைய வாகனங்களிலும் பின்பார்வைக் கண்ணாடியை ஒட்டிப் பூச்சில்லாத ஒரு பகுதி பெரும்பாலும் விடப்பட்டிருக்கும். என் வாகனத்தில் அந்தப் பூச்சும் இல்லை. இதைவிட மோசமானது, ஒயர் சென்ற வழி. அந்தத் தூணை ஒட்டித்தான், மோதலில் பக்க ஜன்னல்களின் மேல் திரைபோல் விரியும் பக்கவாட்டு ஏர்பேக்கின் முன்முனை மடித்து வைக்கப்பட்டிருந்தது. அந்த ஏர்பேக்குக்கு முன்புறமாக, அது விரியும் பாதையின் குறுக்கே ஒயர் இழுக்கப்பட்டிருந்தது. அந்தத் தூணில் ஒயர் போக வேண்டியிருந்தால், ஏர்பேக்குக்குப் பின்புறமாகப் போக வேண்டும்; அதைத் தெரிந்தவர் மட்டுமே அந்த உறையைக் கழற்ற வேண்டும்.

சக்ஷன் கப்பைப் பற்றி அவர்கள் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வெயிலில் நின்ற வாகனத்தின் டேஷ்போர்டு கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். அந்தச் சூட்டில் கப்பின் மென்மையான பொருள் இளகுகிறது, உள்ளே மிஞ்சியிருக்கும் காற்று விரிகிறது, பிடி தளர்கிறது. ஆனால் பெரும்பாலும் அது விழுவதற்குக் காரணம் கண்ணாடியில் படிந்த எண்ணெய்ப் பசை. டேஷ்போர்டின் பிளாஸ்டிக்கிலிருந்து ஆவியாகும் பொருள்கள் கண்ணாடியின் உட்புறத்தில் மெல்லிய படலமாகப் படிகின்றன. வெறும் நீரால் அது போகாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் கண்ணாடியையும், வெதுவெதுப்பான சோப்பு நீரால் கப்பையும் துடைத்து, இரண்டையும் நன்றாக உலரவிட்டு, பிறகு அழுத்திப் பிடித்தபடி தாங்கியின் நெம்புகோலைப் பூட்டினால் நல்ல கப் நெடுநாள் நிற்கும். சொரசொரப்பான டேஷ்போர்டில் மட்டும் அது ஒருபோதும் ஒட்டாது. வாகனத்தை நிறுத்திவிட்டுச் செல்லும்போது கருவியைக் கழற்றி எடுத்துச் செல்வதும் அவசியம். லித்தியம் அயனி பேட்டரிக்கு அந்த வெப்பம் ஆகாது. கண்ணாடியில் பதிந்த வட்டத் தடத்தையும் துடைத்துவிடுங்கள், உள்ளே கருவி இருக்கும் என்பதற்குத் திருடனுக்கு அது ஓர் அடையாளம்.

இடத்தைப் பொறுத்தவரை, எந்த ஏர்பேக்கின் பாதையிலும் வராமலும், கண்ணை அதிகம் திருப்பாமலும் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் இரண்டு நொடி திரையைப் பார்த்தால், வாகனம் 55 மீட்டருக்கு மேல் சாலையைப் பார்க்காமலே ஓடியிருக்கும். அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், ஒரு பார்வை இரண்டு நொடிக்குள் முடிய வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். கலிஃபோர்னியா மாநிலச் சட்டம் இடத்தையே அளந்து கொடுக்கிறது: ஓட்டுநர் பக்கக் கீழ்மூலையில் 5 அங்குலச் சதுரம், எதிர்ப்பக்கக் கீழ்மூலையில் 7 அங்குலச் சதுரம், ஓட்டுநர் பக்கத்தில் பொருத்தினால் அது ஏர்பேக் விரியும் பகுதிக்கு வெளியேயும் இருக்க வேண்டும். உங்கள் ஊரின் விதி வேறாக இருக்கலாம், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் கேட்ட இடம் இந்த அளவுக்குள் அடங்கியதே.

கடைக்கு மீண்டும் சென்றபோது, ரசீதில் உதிரிப்பொருள் என்ற ஒரே சொல் மட்டும் எழுதப்பட்டிருந்தது எனக்கு எதிராக நின்றது. எந்த வேலை, எந்த ஆன்டெனா, எந்த இணைப்பு என்று எதுவும் அதில் இல்லை, பணம் திரும்பவில்லை. ஆகவே வேலைக்கு முன்பே, எந்த இடத்தில் பொருத்தப்போகிறார்கள், மின்சாரத்தை எந்த ஃபியூஸிலிருந்து எடுக்கிறார்கள், ஒயர் எந்த வழியாகப் போகிறது என்பவற்றை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். அருகில் நின்று பார்க்க விடாத கடையில் வாகனத்தை விடாதீர்கள். வெட்டப்பட்ட பிளக்கையும் கழற்றிய பாகங்களையும் கேட்டு வாங்குங்கள். சேவை மையத்திடமோ நுகர்வோர் ஆணையத்திடமோ காட்ட அவை வேண்டும்.

ஏற்கெனவே இப்படிப் பொருத்தியிருப்பவர்கள், ஏர்பேக் மூடியில் ஒட்டிய தகட்டைக் கத்தியாலோ திருப்புளியாலோ நெம்பி எடுக்க முயல வேண்டாம். தூணின் உறையையும் நீங்களே கழற்ற வேண்டாம். வாகன நிறுவனத்தின் சேவை மையத்தில், பேட்டரி இணைப்பைத் துண்டித்துக் கையேடு சொல்லும் நேரம் காத்திருந்த பிறகே அதைச் செய்வார்கள். அதுவரை அந்தத் தகட்டிலிருந்து கருவியை மட்டும் கழற்றி வைத்துவிட்டு, முன்பயணி இருக்கையில் யாரையும் உட்கார வைக்காமல் ஓட்டுங்கள்.