வாசலுக்கு வந்து கார் கழுவுகிறோம் என்பவர்களிடம் மிட் எஞ்சின் காரைக் கொடுக்காதீர்கள் – என் இரண்டு மாதச் சம்பளம் போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் போனால் போகட்டும் என்று விட்டுவிடுவேன், அடுத்த ஆள் மாட்டுவார். மெக்கானிக் பில்லைக் கட்டிவிட்டு இப்போதுதான் வந்து உட்கார்ந்தேன். என் இரண்டு மாதச் சம்பளம். வண்டி எதிலும் மோதவில்லை, பள்ளத்தில் இறங்கவில்லை, ஆயில் இல்லாமல் ஓடவில்லை. வீட்டு வாசலில் நின்ற இடத்தில் நின்றபடி, கழுவித் தருகிறேன் என்று வந்தவர் கையால் இந்தக் கதி.

எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். பெயரைப் போட்டால் முதலில் இந்தப் பதிவைத் தூக்க வைப்பார்கள். ஆப்பில் புக் செய்தால் ஆள், பிரஷர் வாஷர், பக்கெட் எல்லாம் வாசலுக்கே வரும் வகையறா. இந்த மாதிரி கார்களை வீட்டில் எப்படிக் கழுவ வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் வண்டி டொயோட்டா எம்ஆர்-எஸ். சில நாடுகளில் எம்ஆர்2 என்ற பெயரிலேயே விற்றார்கள். 1999 முதல் 2007 வரை வந்த இரண்டு சீட்டு வண்டி, துணிக் கூரை, 1.8 லிட்டர் எஞ்சின், எடை ஏறக்குறைய ஒரு டன். ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் கோடீஸ்வரன் வீட்டுப் பிரச்சினை என்று நினைத்து நகர்ந்துவிடாதீர்கள். பல வருடம் காசு சேர்த்து, பழைய வண்டியாக வாங்கியது. ஆனால் எஞ்சின் இருக்கும் இடம் பல ஃபெராரிகளில் இருக்கும் அதே இடம்தான்: சீட்டுக்குப் பின்னால், பின்சக்கர அச்சுக்கு முன்னால். இதைத்தான் மிட் எஞ்சின் என்பார்கள்.

கழுவும்போது பிரச்சினையே அங்கேதான் வருகிறது. சாதாரண காரில் எஞ்சின் முன்னால் இருக்கும், மேலே மூடிய பானெட் இருக்கும், எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் வழிந்து போய்விடும். மிட் எஞ்சின் வண்டியில் எஞ்சின் சூடு வெளியேற வேண்டும் என்பதற்காக, மேல் மூடியிலேயே பட்டை பட்டையாகத் திறப்பு வைத்திருப்பார்கள். அதற்கு நேர் கீழே எஞ்சின். கதவுக்குப் பின்னால் பக்கவாட்டில் இருக்கும் வாய்கள் அழகுக்கு வைத்தவை அல்ல, எஞ்சின் மூச்சு விடுவது அந்த வழியாகத்தான். மழைக்கெல்லாம் கணக்குப் போட்டுத்தான் செய்திருக்கிறார்கள், அதில் ஒன்றும் ஆகாது. மழை மேலிருந்து சொட்டும், ஓரமாக வடியும். பிரஷர் வாஷர் அப்படியில்லை. வீட்டு உபயோகத்துக்கு வரும் சாதாரண மெஷினே 100 பார் அழுத்தத்துக்கு மேல் தள்ளும். அந்த வேகத்தில், சாய்வான கோணத்தில் அடித்தால் ரப்பர் சீலுக்கு அடியிலும் தண்ணீர் புகுந்துவிடும்.

இதெல்லாம் தெரிந்துதான் புக் செய்வதற்கு முன்பே சாட்டில் கேட்டேன். "மிட் எஞ்சின் வண்டி, எஞ்சின் மூடியில் திறப்பு இருக்கிறது, பிரஷர் வாஷரை அங்கே காட்டக் கூடாது, துணிக் கூரையிலும் காட்டக் கூடாது, முடியுமா?" பதில் உடனே வந்தது: "கவலை வேண்டாம் சார், எங்கள் ஆட்கள் ஸ்போர்ட்ஸ் கார் டீடெய்லிங்கில் பயிற்சி பெற்றவர்கள்." ஸ்க்ரீன்ஷாட் இருக்கிறது. அதற்கென்று தனி பேக்கேஜ், அதற்குக் கூடுதல் கட்டணம். அதையும் கட்டினேன்.

வந்த தம்பியைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ஏன் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுக்கும் வரும். வந்ததும் அவர் பக்கெட்டை இறக்கவில்லை. நேராக வண்டியின் பின்பக்கம் போய், எஞ்சின் மூடியின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தார். "சூடா இருக்கு சார், ஆறட்டும். சூட்டுல பச்சத்தண்ணி பட்டா நல்லதில்ல" என்றார். உண்மைதான். இந்த வண்டிகளில் எஞ்சின் ஒரு அறைக்குள் அடைந்து கிடப்பதால், நிறுத்திய பிறகும் ரொம்ப நேரம் சூடு இறங்காது. இதைத் தானாகவே சொல்கிற ஆள் வேறு என்ன தப்பு செய்துவிடப் போகிறார் என்றுதான் தோன்றியது. அப்புறம் இரண்டு பக்கெட்டை எடுத்து வைத்தார், ஒன்றில் ஷாம்பூ, ஒன்றில் ஸ்பாஞ்சை அலசத் தண்ணீர். சக்கரத்துக்குத் தனி பிரஷ். எல்லாம் புத்தகத்தில் எழுதியது போல. எஞ்சின் மூடியைக் காட்டி, "தம்பி, இங்கே மட்டும் ஈரத்துணி போதும்" என்று இன்னொரு முறை சொன்னேன். "தெரியும் சார், போன வாரம்கூட ஒரு லம்போ பண்ணினேன்" என்றார். லம்போர்கினியாம்!

கூரையை அவர் தொட்ட விதமும் நன்றாகத்தான் இருந்தது. மென்மையான பிரஷ், துணியின் நெசவு போகும் திசையில் மெதுவாக. நான் பக்கத்திலேயே நின்றேன். வெயிலில் வேலை செய்கிறாரே என்று குடிக்கத் தண்ணீர் எடுக்க உள்ளே போனேன். அவருக்காகத்தான்.

செம்பில் தண்ணீர் பிடிக்கும்போதே பிரஷர் வாஷர் சத்தம் மாறியது. தகரத்தில் அடிக்கிற சத்தம் வேறு, ஓட்டைக்குள் அடிக்கிற சத்தம் வேறு. ஓடி வந்து பார்த்தால் எஞ்சின் மூடி முழுக்க வெள்ளை நுரை. மனுஷன் பிரஷர் வாஷர் கன்னைச் சாய்த்துப் பிடித்து அந்தப் பட்டைகளுக்குள் அடித்துக்கொண்டிருக்கிறார். நான் கத்தியதும் நிறுத்திவிட்டுச் சிரித்தார். "எஞ்சின் வாஷ் சார், காம்ப்ளிமென்ட்ரி. இலை, தூசியெல்லாம் உள்ளே இருந்துச்சு." யார் கேட்டது?

அதோடு விட்டிருந்தால்கூட இரண்டு மாதச் சம்பளம் போயிருக்காது. மூடியைத் திறந்து வைத்து, காற்றடித்து, ஒரு நாள் காய விட்டிருந்தால், பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலோடு சேதம் நின்றிருக்கும் என்கிறார் மெக்கானிக். ஆனால் நான் கூரை ஓரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தம்பி சீட்டில் ஏறி ஸ்டார்ட் செய்துவிட்டார். வண்டியை நிழலுக்கு நகர்த்த வேண்டும் என்று நான்தான் சாவியை அவர் கையில் கொடுத்திருந்தேன், அது அவர்களுடைய வழக்கமான நடைமுறையாம். எஞ்சின் குலுங்கியது. நாலு சிலிண்டரில் ஒன்றோ இரண்டோ எரியவில்லை என்பது சத்தத்திலேயே தெரிந்தது. செக் எஞ்சின் விளக்கு விட்டு விட்டு மின்னுகிறது. அது நிலையாக எரிந்தால் சீக்கிரம் காட்டு என்று அர்த்தம், மின்னினால் உடனே அணை என்று அர்த்தம். எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரிந்து அதைப் பழுக்க வைத்துவிடும். நான் அணை, அணை என்று கத்துகிறேன், அவர் ஆக்சிலேட்டரை மிதித்து முறுக்குகிறார். "சூடானா தண்ணி காஞ்சிடும் சார்!"

மெக்கானிக் வந்து மேல் கவரைக் கழற்றி, பத்து எம்எம் போல்ட்டை எடுத்துவிட்டு முதல் காயிலைத் தூக்கினார். பிளக் உட்காரும் அந்தக் குழியில் விரலளவு தண்ணீர் நின்றது. தெளிந்த தண்ணீர் அல்ல, பால் கலந்த மாதிரி, மேலே சின்னச் சின்ன நுரைக் குமிழி. முகர்ந்து பார்த்தேன், ஷாம்பூ வாசனை. அவர் சிரிஞ்சால் உறிஞ்சி எடுக்க, நான் ஃபோனில் வீடியோ எடுத்தேன். மூன்றாவது குழியிலும் அதே. ஏர் ஃபில்டர் பக்கவாட்டு வாய் வழியாக நனைந்து சொதசொதவென்று இருந்தது. சீட்டுக்குப் பின்னால் கூரைத் தண்ணீர் இறங்க வேண்டிய வடிகால் ஓட்டையிலும் அடித்திருக்கிறார், கார்பெட்டுக்கு அடியில் ஈரம்.

அதெல்லாம் சில்லறை. பெரிய அடி, எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாயான மேனிஃபோல்டில். இந்த எஞ்சினில் மேனிஃபோல்டுக்குள்ளேயே, எஞ்சினை ஒட்டி, சின்ன கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்கள் உண்டு. உள்ளே இருப்பது பீங்கான். அது உடைந்தால் தூள் வெளியே மட்டும் போகாது, எஞ்சினுக்குள்ளேயே திரும்ப இழுக்கப்படலாம் என்பது இந்த வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த பயம். ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்தால் உள்ளே பார்க்கலாம். போன சர்வீஸில் பார்த்தபோது சுத்தமாக இருந்தது, படமே இருக்கிறது. இப்போது ஒரு பக்கம் உருகிச் சரிந்திருக்கிறது. மேனிஃபோல்டையே மாற்ற வேண்டியதாகிவிட்டது. காயில், பிளக், ஃபில்டர், மேனிஃபோல்ட், கேஸ்கெட், சென்சார், கூலி, கார்பெட்டைக் கழற்றிக் காயவைத்தது, எல்லாம் சேர்த்து இரண்டு மாதச் சம்பளம்.

இனி கஸ்டமர் கேர். இது தனி நாடகம்.

முதல் பதில்: "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்." வீடியோ அனுப்பினேன். மறுபடியும் அதே வரி, கீழே வேறு பெயர். போன் செய்தால் ஒரு அம்மணி ரொம்ப அன்பாக, "சார், கார் மழையிலயும் நனையுதே, தண்ணி பட்டா எப்படி சார் கெடும்?" என்றார். மழையில் ஷாம்பூ நுரை வருமா மேடம் என்று கேட்டேன். மேலதிகாரியிடம் கொடுக்கிறேன் என்று லைனில் பாட்டு போட்டுவிட்டார். பாட்டு முடிந்தது, லைனும் போனது.

மேலதிகாரி என்பவர் கடைசியில் கிடைத்தார். அவருடைய வாதத்தைக் கவனியுங்கள். எஞ்சின் வாஷ் நான் காசு கொடுத்த பேக்கேஜில் இல்லை, இலவசமாகச் செய்தது, ஆகவே அதற்குப் பொறுப்பு ஏற்க முடியாதாம். நான் வேண்டாம் என்று சொன்ன வேலையை அவர்கள் ஆள் செய்வார், இலவசம் என்பதால் அதற்கு யாரும் பொறுப்பில்லை! சாட்டில் நான் முன்கூட்டியே எழுதியதைக் காட்டினேன். "அது சேல்ஸ் டீம் சார், நாங்க ஆபரேஷன்ஸ்." சரி, ஸ்டார்ட் செய்து முறுக்கியது? "வண்டி ரொம்பப் பழசு சார், எப்பவேணா போகும்." படம் காட்டியதும் அடுத்த பல்டி: வந்தவர் அவர்கள் ஊழியரே இல்லையாம், பார்ட்னராம், அவர்கள் வெறும் இடைத்தரகர்தானாம். ஸ்போர்ட்ஸ் கார் பயிற்சி பெற்ற "எங்கள் ஆட்கள்" எங்கே போனார்கள் என்று கேட்டதற்கு மட்டும் இன்றுவரை பதில் இல்லை. அந்தத் தம்பியின் நம்பர் ஸ்விட்ச் ஆஃப். அவர் மேல்கூட எனக்குப் பெரிய கோபம் இல்லை. யாரோ அவருக்கு எஞ்சின் வாஷ் செய்தால் ஐந்து ஸ்டார் கிடைக்கும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

கடைசியாக என்ன தந்தார்கள் தெரியுமா? கூப்பன். அடுத்த வாஷில் பாதிக் கட்டணம் தள்ளுபடி. இரண்டு மாதச் சம்பளத்துக்கு ஈடாகப் பாதி வாஷ். அதுவும் தேதிக்குள் பயன்படுத்த வேண்டுமாம். புகார் "பரிசீலனையில்" இருந்தது, இன்று காலை பார்த்தால் "தீர்க்கப்பட்டது" என்று பச்சை டிக் போட்டிருக்கிறார்கள். நான் போட்ட ஒற்றை ஸ்டார் ரிவ்யூவும் காணோம். நுகர்வோர் புகாருக்கு எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று, வெயிலில் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. இரண்டு கதவிலும் வட்ட வட்டமாக மெல்லிய கீறல். சக்கரத்துக்குத் தனி பிரஷ் என்று காட்டினாரே, அது காட்டத்தான் போலிருக்கிறது. பிரேக் தூள் பட்ட ஸ்பாஞ்சாலேயே கதவையும் தேய்த்திருக்கிறார். பாலிஷ் செலவு அந்த இரண்டு மாதச் சம்பளத்தில் சேரவே இல்லை.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், இப்போது பொறுமை இல்லை. அவசரத்துக்குச் சிலது மட்டும். எஞ்சின் மூடி, பக்கவாட்டு வாய், துணிக் கூரையின் தையல், கண்ணாடி ரப்பர், இந்த நாலு பக்கமும் பிரஷர் கன்னே வேண்டாம். சாதாரண ஹோஸ், மெல்லிய ஓட்டம், மூடியின் மேல் ஈரத்துணி. மற்ற இடத்தில் அடித்தாலும் இரண்டடி தள்ளி நின்று அடியுங்கள். எஞ்சின் நன்றாக ஆறட்டும், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் கழுவுவது உத்தமம். கூரை வடிகாலில் இலை அடைத்திருந்தால் கையால் எடுங்கள், தண்ணீரால் தள்ளாதீர்கள். உள்ளே தண்ணீர் போய்விட்டது என்று சந்தேகம் வந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள், மூடியைத் திறந்து காய விடுங்கள். ஸ்டார்ட் செய்து விளக்கு மின்னினால் அந்த நொடியே அணையுங்கள்.

ஆள் வைத்துத்தான் கழுவுவீர்கள் என்றால், அவர்கள் தொடங்கும் முன்பே வண்டியைச் சுற்றி ஒரு வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என்ன செய்யக் கூடாது என்பதைச் சாட்டில் எழுதி, ஆம் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். எனக்கு இப்போது மிச்சம் இருப்பது அந்த ஸ்க்ரீன்ஷாட்கள் மட்டும்தான். "காம்ப்ளிமென்ட்ரி" என்ற வார்த்தை காதில் விழுந்தால் கன்னைக் கையிலிருந்து வாங்கிவிடுங்கள். சாவியைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள், நகர்த்த வேண்டுமென்றால் நீங்களே நகர்த்துங்கள்.

துடைக்கிற துணி, ஷாம்பூ, வாக்ஸ் பற்றியெல்லாம் கேட்பவர்கள் கேளுங்கள், அப்புறம் சொல்கிறேன். மெக்கானிக் கூப்பிடுகிறார், ஸ்கேனரில் இன்னொரு சென்சார் கோட் காட்டுகிறதாம்.