டூலிப்பா, டாஃபடிலா: தோட்டத்து வசந்தத்துக்கு எந்தக் கிழங்கு?

குளிர்காலம் முடிந்தும் முடியாமலும் தோட்டம் வெறிச்சென்று கிடக்கும்போதே, மண்ணைக் கீறிக்கொண்டு ஒரு பச்சை மூக்கு எட்டிப் பார்க்கும். அந்த ஒரு காட்சிக்காகத்தான் இலையுதிர்காலத்திலேயே கிழங்கு வாங்கி ஊன்றுகிறோம். வாங்கும்போது எல்லோருக்கும் வரும் குழப்பம், கிண்ணம்போல் பூக்கும் டூலிப்பா, நடுவில் குழல் நீட்டி நிற்கும் மஞ்சள் டாஃபடிலா என்பதுதான்.

அழகில் டூலிப்பை அடித்துக்கொள்ள ஆளில்லை. வெயில் ஏறியபின் ஒரு சிவப்பு டூலிப்புக்குள் குனிந்து பாருங்கள். சில வகைகளில் அடியில் மை சிந்தினாற்போல் ஒரு கறுப்புத் திட்டு, அதைச் சுற்றி மெல்லிய மஞ்சள் கரை, நடுவே கரும்பொடி பூசிய ஆறு மகரந்தத் தாள்கள். பொழுது சாய்ந்தால் இதழ்கள் குவிந்துகொள்ளும். 1630களில் ஹாலந்தில் இந்தக் கிழங்குகளின் விலை எகிறி, 1637 பிப்ரவரியில் சரிந்தது. அன்று ஆளாளுக்குத் தேடி அலைந்த, இதழில் கோடு கோடாக நிறம் ஓடிய பூக்கள், அசுவினி பரப்பிய வைரஸ் நோயால் வந்தவை என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

ஆனால் பாக்கெட்டில் இருக்கும் படம் ஒன்றைச் சொல்லாது. நாம் ஊன்றிய டூலிப் கிழங்கு பூத்த பிறகு கரைந்துபோகிறது. அதன் இடத்தில் குட்டிக் கிழங்குகள்தான் மிஞ்சும். அவை கொழுக்க வெயிலும் வறண்ட கோடையும் வேண்டும். மத்திய ஆசிய மலைச்சரிவுகளில் பிறந்த செடி அல்லவா! நாமோ மற்ற செடிகளுக்காகக் கோடை முழுக்கத் தண்ணீர் விடுகிறோம். அடுத்த வருஷம் பூ வராமல் ஒற்றை அகல இலை மட்டும் வந்து நிற்கும். முதல் தடவை அதைப் பார்த்து மனசு விட்டுப்போனது எனக்கு. சிறிய காட்டு வகைகளும், டார்வின் கலப்பினங்கள் என்ற உயரமான டூலிப் வகைகளும் ஓரளவு திரும்பி வரும். மற்றவற்றை ஒரு வருஷப் பூவாக நினைத்து வாங்குவதே நல்லது.

டாஃபடில் அப்படியில்லை. ஒரு கிழங்கு இரண்டாகி, நான்காகி, பத்து வருஷத்தில் ஒரு புதராகவே ஆகிவிடும். அதில் லைகோரின் என்ற நச்சு இருப்பதால் அணிலும் மானும் எலியும் சீண்டுவதில்லை. டூலிப் கிழங்கென்றால் அணிலுக்கு விருந்து. அதே நச்சுக்காகத்தான் டாஃபடில் கிழங்கை வெங்காயக் கூடைப் பக்கமே வைக்கக்கூடாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வெட்டிய டாஃபடிலை நேராக டூலிப்போடு ஒரே ஜாடியில் வைக்கவும் வேண்டாம். அதன் தண்டில் கசியும் கொழகொழப்பு டூலிப்பைச் சீக்கிரம் வாட வைத்துவிடும்.

டாஃபடில் நம்மிடம் கேட்பது பொறுமை ஒன்றைத்தான். பூ உதிர்ந்தபின் இலைகள் துவண்டு, மஞ்சளாகி, அலங்கோலமாகக் கிடக்கும். குறைந்தது 6 வாரமாவது அவற்றை வெட்டக்கூடாது, முடிச்சுப் போடவும் கூடாது. அடுத்த வருஷப் பூவுக்கான சாப்பாடு அந்த இலைகளில்தான் தயாராகிறது.

குளிர் விஷயத்தில் டூலிப்தான் அதிகம் பிடிவாதம் செய்யும். 12 முதல் 16 வாரம் குளிர் கிடைக்காவிட்டால் தண்டு நீளாமல் குட்டையாகவே நின்றுவிடும். குளிர்காலம் மிதமான ஊர் என்றால் கிழங்கை அவ்வளவு நாளும் ஃபிரிட்ஜில் வைத்து ஊன்றலாம். ஆனால் ஆப்பிளோடு சேர்த்து வைக்காதீர்கள். பழம் விடும் எத்திலீன் வாயு உள்ளிருக்கும் மொட்டைக் கருக்கிவிடும். டாஃபடிலின் உறவான பேப்பர்வைட்டுக்கு இந்தக் குளிரே தேவையில்லை.

இவை இரண்டும் போக வேறு கிழங்குகளும் உண்டு. குரோக்கஸ் சின்னப் பூ, முந்திக்கொண்டு பூக்கும், புல்வெளிக்குப் பொருத்தம். ஹயசிந்த் வாசனைக்கு, வாசல் பக்கம் இரண்டு போதும். அதன் கிழங்கைத் தொட்டால் கை அரிக்கும், உறை போட்டுக்கொள்ளுங்கள்.

என் தேர்வு இதுதான். மண்ணில் டாஃபடில், இலையுதிர்காலத் தொடக்கத்திலேயே, சுமார் 15 சென்டிமீட்டர் ஆழத்தில். டூலிப்பைத் தொட்டியில் வைப்பேன், அதுவும் நன்றாகக் குளிர் விழுந்த பிறகு. தாமதமாக நட்டால் பூஞ்சை நோய் குறையும். டூலிப் கிழங்கின் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். அந்தப் பக்கம் வெளியே பார்க்கும்படி ஊன்றினால், முதல் பெரிய இலை தொட்டி விளிம்புக்கு மேல் அழகாகச் சரிந்து விழும்.