பெரிய ஃபேஸ்புக் குழுவா, தெரு வாட்ஸ்அப் குழுவா: கடலூர், புதுச்சேரி அடுப்படிக்கு எது கைகொடுக்கும்?

கடலூரிலோ புதுச்சேரியிலோ இருந்துகொண்டு சமையலுக்கும் சிக்கனமான வாழ்க்கைக்கும் யோசனை தேடுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று வகைக் குழுக்களில் போய்ச் சேர்கிறார்கள். லட்சக்கணக்கில் ஆட்கள் உள்ள ஃபேஸ்புக் சமையல் குழு, தெருவோ அப்பார்ட்மெண்டோ சேர்ந்து நடத்தும் வாட்ஸ்அப் குழு, அப்புறம் மாடித்தோட்டக்காரர்களின் குழு. நான் மூன்றிலும் இருக்கிறேன். ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் யோசிக்காமல் தெருக் குழுவை வைத்துக்கொள்வேன்.

தாளிப்பு வடகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், நம் பக்கத்து மீன்குழம்புக்கு அது இல்லாமல் மணமே வராது. ஃபேஸ்புக் குழுவில் தேடினால் பழைய பதிவுகளில் எல்லாம் கிடைக்கும்: எத்தனை கிலோ சின்ன வெங்காயத்துக்கு எவ்வளவு பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், எந்த நாளில் மறுபடி பிசைய வேண்டும், விளக்கெண்ணெய் தொட்டு உருட்டுவது ஏன் என்று படத்தோடு, கேள்வி பதிலோடு இருக்கும். வருஷக்கணக்கான அனுபவத்தை இவ்வளவு சுலபமாகத் தேடி எடுக்க வாட்ஸ்அப்பில் முடியாது, இதில் ஃபேஸ்புக் குழுவை அடிக்க ஆளில்லை. ஆனால் உள்நாட்டு ஊர்க்காரர் ஒருவர் ‘ஒரே வாரத்தில் காய்ந்துவிட்டது’ என்று எழுதியதை நம்பி கடலூர்க் கடற்கரையோரத் தேவனாம்பட்டினத்தில் இருக்கிறவர் உருண்டைகளை டப்பாவில் போட்டு மூடினால் பூஞ்சணம் பிடிக்கத்தான் செய்யும். கடற்காற்றில் ஈரம் அதிகம், பொழுது சாய்வதற்குள் தட்டை உள்ளே எடுத்துவிட வேண்டும், கூடுதலாகச் சில நாள் வெயில் காட்ட வேண்டும். அதைச் சொல்ல கடலூர் முதுநகர்ப் பக்கத்து அக்கா ஒருவர் வேண்டும். ‘நாளைக்கு மூட்டமா இருக்கும்போல, இன்னிக்கு வெங்காயம் நறுக்காதீங்க’ என்று காலையிலேயே ஒரு வரி வந்து விழுவது தெருக் குழுவில்தான்.

மீன் விஷயத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், நம் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, நாட்டுப் படகில் வருவதுதான் மார்க்கெட்டுக்கு, விலையும் ஏறிவிடும். பெரிய குழுவில் அந்த நாட்களிலும் வஞ்சிரம் வறுவல் படமாகத்தான் வந்துகொண்டிருக்கும், ஏனென்றால் எழுதுகிறவர்கள் துபாயில் இருப்பார்கள், பெங்களூரில் இருப்பார்கள். அவர்கள்மேல் குறை இல்லை, அவர்கள் ஊரில் மீன் கிடைக்கிறது. நம் ஊரிலோ அதே சமயம் பண்ருட்டி பலா வந்து குவிகிறது, மாங்காய் வருகிறது. உடனே தெருக் குழுவில் ஒருவர் பலாக்கொட்டையும் மாங்காயும் போட்ட கருவாட்டுக் குழம்பைச் சொல்வார், இன்னொருவர் கத்தரிக்காயும் சேருங்கள் என்பார், மூன்றாவது ஆள் எங்கே கருவாடு நன்றாக, மண் இல்லாமல் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். சமையல் யோசனை என்று நான் நினைப்பது இதைத்தான்: இந்த வாரம், இந்த ஊரில், கையில் இருக்கிற காசுக்குள் செய்ய முடிகிற ஒன்று.

சிக்கன வாழ்க்கை என்று வரும்போது பெரிய குழுக்களோடு எனக்கு ஒத்துப்போவதே இல்லை. ஒரே மாதிரிக் கண்ணாடி ஜாடிகள், மூங்கில் அலமாரி, துணிப்பை செட் என்று படம் வருகிறது, கீழேயே வாங்கும் லிங்க்கும் வருகிறது. இருப்பதைக் கொட்டிவிட்டுப் புதிதாக வாங்குவதில் என்ன எளிமை இருக்கிறது? தெருக் குழுவில் ‘அக்கா, உங்க இடியாப்ப உரல் சும்மா இருக்கா, சாயங்காலம் தந்துடறேன்’ என்று ஒரு செய்தி வருகிறது, ஒரு வீடு ஒரு பொருள் வாங்காமல் தப்பிக்கிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்து, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதே, அந்த மாதிரி நேரத்தில் கரண்ட் இருக்காது, மிக்ஸி ஓடாது. சிக்னல் வரும்போது யார் வீட்டில் அம்மி இருக்கிறது, யாரிடம் பால் பவுடர் இருக்கிறது என்று கேட்க ஐந்து வீடு தள்ளி இருப்பவர்தான் வேண்டும், கஞ்சியும் பருப்புத் துவையலும் அன்றைக்குப் போதும்.

தெருக் குழுவின் தொல்லையும் சின்னதல்ல. குட் மார்னிங் படம், கட்சிச் சண்டை, தண்ணீர் வரவில்லை என்ற புகார், இவற்றுக்கு நடுவே நல்ல குறிப்பு ஒன்று வந்தால் மறுநாள் கண்டுபிடிப்பது கஷ்டம். சமையலுக்கென்று தனிக் குழு பிரித்துவிட்டால் பாதித் தொல்லை தீரும். 1024 பேர் வரை சேர்க்கலாம் என்று வாட்ஸ்அப் அனுமதிக்கிறது, ஆனால் முப்பது நாற்பது பேரைத் தாண்டினால் கேட்கத் தயங்குகிறவர்கள் மௌனமாகிவிடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

மாடித்தோட்டக் குழு பொறுமைசாலிகளுக்கானது. சமையல் குறிப்பு அதிகம் வராது, ஆடிப்பட்டத்துக்கு முன்னால் நாட்டு வெண்டை, சுரை, அவரை விதைகள் கைமாறும். போர் தண்ணீர் உப்பாக இருக்கிற வீடுகளில் எந்தச் செடி தாங்கும் என்று அங்கே கேட்டுக்கொண்டு அப்புறம் தொட்டி வாங்குங்கள். வேலைக்காகப் புதுச்சேரி வந்து தனியாகச் சமைக்கிறவர்களுக்கு இது இப்போதைக்கு வேண்டாம், குழம்பு வைக்கும் அடிப்படையைப் பெரிய குழுவில் படித்துக்கொண்டு, குடியிருக்கும் தெருவில் குழு இருக்கிறதா என்று வீட்டுக்கார அம்மாவிடம் கேளுங்கள், பெரும்பாலும் அவரே சேர்த்துவிடுவார்.