கட்சி சீட்டா, சுயேச்சையா? உள்ளாட்சித் தேர்தலில் வேட்பாளராகும் வழிகள்: ஓர் ஒப்பீடு

தமிழ்நாட்டு உள்ளாட்சித் தேர்தலில் கட்சி சீட் வாங்கி நிற்பதா, சுயேச்சையாக நிற்பதா என்ற கேள்விக்கு எல்லா ஊருக்கும் பொருந்தும் பதில் கிடையாது. எந்தப் பதவிக்கு நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து பதில் மாறும்.

கிராமத்து வாக்காளர் நான்கு ஓட்டுப் போடுகிறார். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை வாக்குச்சீட்டு, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய வார்டுக்குப் பச்சை, மாவட்ட வார்டுக்கு மஞ்சள். முதல் இரண்டும் கட்சி சார்பற்ற பதவிகள். அதில் உதயசூரியனும் இருக்காது, இரட்டை இலையும் இருக்காது. எல்லாருக்கும் மாநிலத் தேர்தல் ஆணையம் தரும், எந்தக் கட்சிக்கும் சேராத சின்னம்தான். அடுத்த இரண்டிலும், பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி வார்டுகளிலும் கட்சிச் சின்னம் உண்டு. ஆக, ஊராட்சித் தலைவர் பதவிக்குக் கட்சியின் 'ஆசி'க்காக மாதக்கணக்கில் அலைபவர், சட்டப்படி இல்லாத ஒன்றுக்காக அலைகிறார். ஆள்பலம் வேண்டுமானால் கிடைக்கும், சின்னம் கிடைக்காது.

கட்சி வழியை எடுத்துக்கொள்வோம். விருப்ப மனு, அதற்குக் கட்டணம், நேர்காணல், பிறகு பட்டியல். காகிதத்தில் இவ்வளவுதான். நடைமுறையில் நகரத்தில் வட்டச் செயலாளரும் நகரச் செயலாளரும், கிராமப்புறத்தில் ஒன்றியச் செயலாளரும் யார் பெயரை மேலே அனுப்புகிறார்கள் என்பதில்தான் பாதி முடிவாகிவிடும். மீதி மாவட்டச் செயலாளர் கையில். நேர்காணலில் பூத்வாரியாகக் கேட்பார்கள்: எந்தத் தெருவில் எத்தனை ஓட்டு, போன முறை அங்கே யாருக்கு விழுந்தது, பூத் ஏஜென்ட்டாக உட்கார ஆள் இருக்கிறதா. வாக்காளர் பட்டியலைத் தெருவாரியாகக் குறித்து எடுத்துக்கொண்டு போகிறவருக்கும், சால்வையோடு மட்டும் போகிறவருக்கும் வித்தியாசம் அங்கேயே தெரிந்துவிடும்.

இந்த வழியில் கவிழ்க்கும் இடங்கள் இரண்டு. வார்டு கூட்டணிக் கட்சிக்குப் போய்விடலாம். அல்லது இடஒதுக்கீட்டில் மாறிவிடலாம். பாதி இடங்கள் பெண்களுக்கு என்பதால் ஐந்து வருடம் ஒரே வார்டில் வேலை பார்த்தவர், அரசிதழ் வந்த அன்று வெளியே நிற்பார். (உடனே மனைவி பெயரில் விருப்ப மனு போடுவது ஊரறிந்த வழக்கம். நேர்காணலில் அந்த அம்மாவைப் பேசவிட்டால் நன்றாக இருக்கும்.) இரண்டுக்குமே உங்கள் உழைப்பு காரணமல்ல, உங்களால் தடுக்கவும் முடியாது.

பட்டியலில் பெயர் வந்துவிட்டாலும் வேலை முடியவில்லை. படிவம் ஏ, படிவம் பி இரண்டும் தேர்தல் நடத்தும் அலுவலர் கைக்குக் குறித்த நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். கையெழுத்திட அதிகாரம் பெற்றவர் யார் என்பதை ஏ சொல்லும். வேட்பாளர் யார் என்பதை பி சொல்லும். கையெழுத்து மையில் இருக்க வேண்டும், நகல் செல்லாது. பி வராவிட்டால், மற்றபடி மனு சரியாக இருந்தாலும், சுயேச்சையாக நிற்க வேண்டியதுதான். உங்கள் மனு தள்ளுபடியானால் உங்களுக்குப் பதில் கட்சி சார்பில் நிற்கும் மாற்று வேட்பாளரின் பெயரும் பி-யில் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

சுயேச்சைக்கு இந்தக் காத்திருப்பு எதுவும் இல்லை. அவருடைய பிரச்சினை நாட்கள். 2022 நகர்ப்புறத் தேர்தலில் மனுத் தாக்கல் ஜனவரி 28 முதல் பிப்ரவரி 4 வரை, பரிசீலனை 5, வாபஸ் 7, வாக்குப்பதிவு 19. வாபஸ் முடிந்த பிறகுதான் சின்னம் உறுதியாகும். கட்சி வேட்பாளரின் சின்னம் பல வருடமாகச் சுவரில் இருக்கிறது. சுயேச்சைக்குத் தன் சின்னத்தை மக்கள் மனதில் பதிய வைக்க அந்த முறை கிடைத்தது இரண்டு வாரம்கூட இல்லை. ஒரே சின்னத்தை இருவர் கேட்டால் குலுக்கல். அதனால் விருப்பச் சின்னங்களை எழுதும்போது அழகைப் பார்க்காதீர்கள். வயதானவர் வாயால் சட்டென்று சொல்லக்கூடியதா, சீட்டில் சிறிதாக அச்சிட்டால் அடையாளம் தெரியுமா என்று பாருங்கள்.

அமைப்பாகச் சேர்ந்து சுயேச்சைகளாக நின்றாலும் இந்தச் சிக்கல் தீராது. 2021 ஊரகத் தேர்தலில் விஜய் மக்கள் இயக்கத்தினர் சுயேச்சைகளாக நின்று கணிசமாக ஜெயித்தார்கள். அடுத்த ஆண்டு நகர்ப்புறத் தேர்தலில் எல்லாருக்கும் ஆட்டோ சின்னம் கேட்டபோது, பதிவு பெற்ற கட்சி இல்லை என்பதால் கிடைக்கவில்லை. பதிவு பெற்ற சிறு கட்சிக்கு அதன் வேட்பாளர்கள் எல்லாருக்கும் ஒரே சின்னம் கிடைக்க வாய்ப்புண்டு என்பதுதான் அங்கே சேர்வதால் வரும் முக்கிய லாபம். சீட்டும் சுலபம்; வார்டுக்கு ஆள் தேடுவது அவர்கள்தான். ஆனால் பூத்தில் உட்கார ஆளை நீங்களே கொண்டுவர வேண்டியிருக்கும்.

ஜெயித்த பிறகு என்ன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மேயர், நகராட்சி, பேரூராட்சித் தலைவர், ஒன்றியக் குழுத் தலைவர், மாவட்ட ஊராட்சித் தலைவர் எல்லாம் மறைமுகத் தேர்தல். கவுன்சிலர்கள்தான் ஓட்டுப் போடுகிறார்கள். அந்த நாற்காலிமேல் கண் இருந்தால் கட்சி வழி தவிர வேறு வழி அபூர்வம். சுயேச்சைக்கு மதிப்பு வருவது மன்றம் இழுபறியானால் மட்டுமே. கட்சி வழியிலும் கூட்டணி உடன்பாடு குறுக்கே வரும்: 2022 மார்ச்சில் கூட்டணிக்கு ஒதுக்கிய தலைவர் பதவிகளில் நின்று ஜெயித்த தி.மு.க.வினரை ராஜினாமா செய்யச் சொல்லித் தலைமையே உத்தரவிட்டது.

கிராமத்தில் இன்னொரு வழியும் பேசப்படும்: ஊர்க்கூட்டத்தில் ஒருவரை முடிவு செய்து மற்றவர்கள் ஒதுங்குவது. ஒரே ஒரு செல்லுபடியாகும் மனு இருந்தால் போட்டியின்றித் தேர்வு என்பது சட்டப்படி சரி. கோயிலுக்கு இத்தனை லட்சம் என்று பதவியை ஏலம் விடுவது குற்றம். ஒதுங்குகிறேன் என்றவர் கடைசி நாளில் மனுப் போட்டால், பணம் கொடுத்தவர் எந்த அலுவலகத்திலும் முறையிட முடியாது.

எந்த வழியானாலும் காகிதம் கிட்டத்தட்ட ஒன்றே. கட்சிப் பட்டியலுக்குக் காத்திருந்து, பெயர் வராமல் கோபத்தில் கடைசி நாள் மதியம் சுயேச்சையாக மனுப் போடுபவருக்குத்தான் தள்ளுபடி ஆபத்து அதிகம். பட்டியல் வரும் முன்பே காகிதத்தைத் தயாராக வையுங்கள்.

வயது 21 நிறைந்திருக்க வேண்டும். பெயர் அந்த உள்ளாட்சியின் வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும். நகரத்தில் ஒரு வார்டில் ஓட்டு வைத்துக்கொண்டு அதே நகரின் இன்னொரு வார்டில் நிற்கலாம். ஆனால் முன்மொழிபவர், நீங்கள் நிற்கும் வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். வார்டு மறுவரையறைக்குப் பிறகு தெருவின் ஒரு பக்கம் வேறு வார்டுக்குப் போயிருக்கலாம். எனவே பழைய ஞாபகத்தில் ஆளைக் கூட்டிவராமல், புதிய பட்டியலில் பாகம் எண், வரிசை எண்ணைப் பார்த்து எழுதுங்கள்.

முன்மொழிபவர்தான் சுயேச்சையின் பலவீனமான இடம். பரிசீலனை அன்று 'இது என் கையெழுத்தே இல்லை' என்று அவரைச் சொல்ல வைத்து மனுவைத் தள்ளுபடி செய்ய வைப்பார்கள். நெருங்கிய உறவினராக, வேறு யாருக்கும் கையெழுத்துப் போடாதவராகப் பாருங்கள். பரிசீலனைக்கும் அவரைக் கூடவே அழைத்துப் போங்கள்.

டெபாசிட்: ஊராட்சி வார்டுக்கு 200 ரூபாய், ஊராட்சித் தலைவருக்கும் ஒன்றிய வார்டுக்கும் 600, மாவட்ட வார்டுக்கு 1,000, பேரூராட்சிக்கு 1,000, நகராட்சிக்கு 2,000, மாநகராட்சிக்கு 4,000. இவை 2019, 2022 தேர்தல்களின் தொகைகள். பட்டியல் சாதி, பழங்குடியினருக்குப் பாதி. ஆனால் சாதிச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். தனி வார்டில் நிற்கும் பெண்ணுக்குப் பிறப்பால் வந்த சாதிதான் கணக்கு, கணவர் சாதி அல்ல. கிறித்தவ மதம் மாறியவருக்குப் பட்டியல் சாதி இடத்தில் நிற்கத் தகுதி இல்லை.

உள்ளாட்சியோடு நடப்பில் உள்ள ஒப்பந்தம் தகுதிநீக்கம். வீட்டு வரி, குடிநீர்க் கட்டணப் பாக்கியைக் கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஆட்சேபணை கிளப்ப எதிர்த்தரப்பு முதலில் தேடுவது அதைத்தான். வழக்கு, சொத்து, கடன் உறுதிமொழியில் எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடாதீர்கள். கோடு போடவும் வேண்டாம், 'இல்லை' என்றே எழுதுங்கள்.

கடைசியாகச் செலவுக் கணக்கு. ஊரகத்தில் 2019-இல் உச்சவரம்பு வார்டுக்கு 9,000, தலைவருக்கு 34,000, ஒன்றியத்துக்கு 85,000, மாவட்டத்துக்கு 1,70,000 ரூபாய். முடிவு வந்து 30 நாளுக்குள் கணக்குத் தர வேண்டும். கட்சிக்காரருக்கு நினைவூட்ட ஆள் இருக்கும். தோற்ற சுயேச்சை அதோடு விட்டுவிடுவார். கணக்குத் தராதவர் மூன்று வருடம் நிற்க முடியாது என்பது அடுத்த இடைத்தேர்தலுக்கு மனுப் போடும்போதுதான் அவருக்குத் தெரியவரும்.