ஃபார்மட் போட்டும் தீராத கோளாறுகள்: ஒரு பழைய டெஸ்க்டாப்புடன் பத்து வருடம்

2014-இல் நான்காம் தலைமுறை ஐ3 பிராசசர், இரண்டு 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க் என்று வாங்கி அசெம்பிள் செய்த டெஸ்க்டாப் இது. இன்னும் ஓடுகிறது. எந்தக் கோளாறு வந்தாலும் கடையில் ஒரே மருந்துதான்: "ஃபார்மட் போட்டா சரியாயிடும் சார்." (டிஸ்க்கில் உள்ளதை அழித்து, விண்டோஸை மறுபடி ஏற்றுவதுதான் ஃபார்மட்.)

அதிகம் படுத்தியது எஸ்.எம்.பி.எஸ்., அதாவது உள்ளே எல்லா பாகத்துக்கும் மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி. வீடியோ எடிட் செய்யும்போது மட்டும் சட்டென்று ரீஸ்டார்ட் ஆகும். இரண்டு முறை ஃபார்மட் போட்டாயிற்று, மாற்றமில்லை. விண்டோஸ் தன் கோளாறுகளைக் குறித்துவைக்கும் ஈவன்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று ஒரு பதிவு. முறையாக ஷட்டவுன் ஆகாமல் நின்றது என்பதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. காரணத்தை நாம்தான் தேட வேண்டும். சூட்டை முதலில் சந்தேகித்து, பிராசசரின் சூட்டைக் கடத்த அதன்மேல் தடவும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றினேன். பலனில்லை. அப்புறம் மல்டிமீட்டரை எடுத்து, எஸ்.எம்.பி.எஸ்.-இலிருந்து வரும் மஞ்சள் வயருக்கும் கறுப்பு வயருக்கும் இடையே வோல்ட் அளந்தேன். சும்மா இருக்கும்போது 11.9 வோல்ட். வீடியோ ரெண்டர் ஓடும்போது 11.1. இந்த 12 வோல்ட் லைன் 11.4-க்குக் கீழே இறங்கக் கூடாது. புது எஸ்.எம்.பி.எஸ். போட்டதோடு தொல்லை ஒழிந்தது. (பழையதைக் கழற்றிப் பார்க்க ஆசைப்படாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.)

சாஃப்ட்வேர் கோளாறுபோல வேஷம் போட்டது சீமாஸ் பேட்டரி, அதாவது மெஷின் அணைந்திருக்கும்போதும் தேதி, நேரத்தைக் காக்கும் மதர்போர்டு பேட்டரி. ஒருநாள் காலை எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்றது. வைரஸ் என்றே நினைத்து அரைநாள் ஸ்கேன் ஓட்டினேன். மூலையில் தேதியைப் பார்த்திருந்தால் போதும், பல வருடம் பின்னால் போயிருந்தது. தேதி தப்பானால் வெப்சைட் சான்றிதழ்கள் செல்லாது. சிஆர்2032 பட்டன் பேட்டரி ஒன்று மாற்றினேன், சரி.

ராம் கோளாறு சுலபம். பீப் சத்தம் வந்தால் கழற்றி, அதன் தங்க நிறப் பட்டைகளை அழிரப்பரால் தேய்த்து மாட்டுவேன். விண்டோஸ் நின்றுபோய் நீலத்திரை வருவது தொடர்ந்தால், ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ ராத்திரி முழுக்க ஓடவிட்டு, ஒவ்வொன்றாகச் சோதிப்பேன்.

ஹார்ட் டிஸ்க்கில் மட்டும் ஏமாந்தேன். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மஞ்சளில் எச்சரித்தும் ஒரு மாதம் தள்ளிப்போட்டேன். குடும்பப் படங்களில் பாதி போயிற்று. இப்போது அதற்குப் பதில், சுழலும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 இந்தப் பிராசசரை ஏற்காது. அதனால் ஃபார்மட் போட்டு, லினக்ஸ் மிண்ட் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டிருக்கிறேன். ஆக, இந்த மெஷினுக்குப் பயன்பட்ட ஒரே ஃபார்மட் இதுதான்.