‘டெவலப் ஆகாத வெள்ளை மணல் பீச்’ டூருக்கு முன்பணம் அனுப்புவதற்கு முன்னால் இதைப் படியுங்கள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் கோடை லீவு நெருங்கினால் ஓர் அட்டை சுற்ற ஆரம்பிக்கும். “ஆள் நடமாட்டமே இல்லாத தீவு, வெள்ளை மணல், கண்ணாடி மாதிரி தண்ணீர், கரையிலேயே கூடாரம், 2 இரவு 1 பகல், தலைக்கு ரூ. 6,500.” ராமநாதபுரம் கடற்கரைக்கான அந்த டூரை நம்பி 14 பேருக்கு, பாதிப் பணமாக ரூ. 45,500 அனுப்பி ஏமாந்தோம். 14 பேரில் 4 பேர் குழந்தைகள், 2 பேர் அறுபதைத் தாண்டியவர்கள். நடத்தியவர் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது. என்னென்ன செய்தார்கள், எதை எதை முன்கூட்டியே கேட்டிருந்தால் தப்பித்திருக்கலாம் என்பது மட்டும் இங்கே.

எதைக் கேட்டாலும் அந்த ஆள் ஒரே பதில்தான் சொன்னார். “அது டெவலப் ஆகாத பீச்சு சார். அங்க ஒண்ணும் இருக்காது. அதுக்காகத்தானே வர்றீங்க?” கழிவறை கேட்டாலும் அதே பதில், நிழல் கேட்டாலும் அதே பதில். முதல் தடவை கேட்கும்போது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கடையும் குழாயும் கட்டடமும் இல்லாத கரைக்கு 14 பேரைக் கூட்டிப்போகிறவர் தண்ணீர், நிழல், கழிவறை, முதலுதவி எல்லாவற்றையும் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போக வேண்டும். அப்படிப்பட்ட இடத்துக்குச் செலவு கூடத்தான் செய்யும். மெரினாவுக்குக் கூட்டிப்போகிற ஏற்பாட்டோடு அங்கே போய் இறக்கிவிட்டு, மிச்சப் பணத்தைப் பையில் போட்டுக்கொள்வதற்கு அந்த ஒரு பதில் போதுமானதாக இருக்கிறது.

படத்திலிருந்தே மோசடி ஆரம்பம். அட்டையில் இருந்தது தண்ணீர்ப் பக்கம் சாய்ந்து நிற்கும் ஒரு தென்னை, அதில் கட்டிய ஊஞ்சல், பச்சையும் நீலமும் கலந்த கடல். ராமநாதபுரம் கரையில் உங்கள் கண்ணில் படப்போவது பனை, சவுக்கு, குடை விரித்த மாதிரி உடைமரம், கரையில் ஏற்றி வைத்த வல்லம் (மீன்பிடிப் படகு), காயப்போட்ட வலை. படத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை என்றால் சந்தேகப்படுங்கள். போனில் படத்தை அழுத்திப் பிடித்து கூகுள் லென்ஸில் தேடினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். நாங்கள் திரும்பி வந்த பிறகு தேடினோம். மாலத்தீவு ஓட்டல் விளம்பரம் ஒன்றிலிருந்து எடுத்த படம்.

அடுத்தது அந்தத் தீவு. விவரம் தெரிந்தவர்கள் இதைக் கேட்டவுடனேயே பொய் என்று சொல்லிவிடுவார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் ஆனது. குருசடை, பூமரிச்சான், புள்ளிவாசல், மனோலி, முயல் தீவு எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். தேசியப் பூங்கா என்றால் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அங்கே நடைமுறையில் இருக்கிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் தீவில் கால் வைத்தாலே குற்றம். கூடாரம் அடித்து ராத்திரி தங்குவது, அடுப்பு மூட்டுவது, மீன் சுடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. “எங்களுக்குத் தெரிஞ்ச ஆள் இருக்காரு, பார்த்துக்கலாம்” என்றால், மாட்டிக்கொண்டால் வழக்கு உங்கள் பேரிலும் சேர்ந்துதான் வரும் என்று அர்த்தம்.

அந்த மணலின் வெள்ளைக்கும் இந்தச் சட்டத்துக்கும் சம்பந்தம் உண்டு. பாலாற்று மணல் பாறை உடைந்து வந்த மணல். தீவு மணல் பவளப்பாறையும் சிப்பியும் பொடிந்து சேர்ந்தது. ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள்: சங்கின் நுனி, சிப்பி ஓட்டின் விளிம்பு, ஊசித் துளை போட்ட பவளத் துணுக்கு. எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டால் நுரைத்துக்கொண்டு பொங்கும், ஏனென்றால் அது சுண்ணாம்பு. பாலாற்று மணலில் அப்படிப் பொங்காது. அந்தப் பவளம் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. எங்களோடு வந்த ‘கைடு’ பிள்ளைகளிடம் “ஞாபகார்த்தமா ரெண்டு எடுத்துக்கோங்க” என்றார். பவளத் துண்டு பையில் இருப்பது சோதனையில் தெரிந்தால் பதில் சொல்ல வேண்டியது பெற்றோர்தான். எடுக்கவே வேண்டாம்.

தீவுக்கு முறையாகப் போக வழி இருக்கிறது. பாம்பனுக்குப் பக்கத்தில் குந்துகாலிலிருந்து வனத்துறை குருசடைத் தீவுக்குப் படகு விடுகிறது. பகலில் மட்டும்தான். காற்று பலமாக இருந்தால் நிறுத்திவிடுவார்கள். அதனால் கிளம்புவதற்கு முன்தினம் விசாரித்துக்கொள்ளுங்கள். டிக்கெட் வனத்துறை ரசீதாகத்தான் வரும். டூர் நடத்துகிறவர் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுக்கிற ‘பெர்மிட்’ எதற்கும் உதவாது.

எங்கள் விஷயத்தில் தீவுக்குக் கூட்டிப்போகவே இல்லை. காலை எட்டரை மணிக்கு, மண்டபத்துக்கு இந்தப் பக்கம் ஒரு மீனவர் குப்பத்தை ஒட்டிய கரையில் இறக்கி, “இதுதான் ஸ்பாட்” என்றார்கள். அது அந்த ஊர்க்காரர்கள் கரைவலை இழுக்கிற, கருவாடு காயவைக்கிற இடம். அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்கவில்லை. அப்படியும் ஓர் அம்மா குழந்தைகளுக்குக் குடிக்க ஒரு குடம் தண்ணீர் கொடுத்தார். அந்தப் பக்கத்தில் மணலில் ஊற்று தோண்டி, ஊற ஊறச் சிரட்டையால் மொண்டு சேர்க்கிற தண்ணீர் அது. டூர்காரர் கொண்டுவர வேண்டிய தண்ணீரை அவர்கள் குடத்திலிருந்து குடிக்கும்படி ஆனது எங்களுக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

தண்ணீர்க் கணக்கு இது. மே மாத வெயிலில் திறந்த மணலில் ஓர் ஆளுக்குக் குடிக்க மட்டும் ஒரு நாளைக்கு 5 லிட்டர் வேண்டும். 14 பேருக்கு 70 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் நான்கு. கடலில் குளித்த உப்பைக் கழுவ ஆளுக்கு 5 லிட்டர் என்றால் அதுவும் இன்னொரு நான்கு கேன். வண்டியில் இருந்தவை மொத்தம் இரண்டு. கேன் எண்ணிக்கையை முன்பே எழுத்தில் வாங்குங்கள், கிளம்பும்போது ஏற்றுவதை நின்று எண்ணுங்கள்.

அங்கே அடித்த கூடாரமும் காற்றில் பறந்தது. அதற்கும் காரணம் உண்டு. கொண்டுவந்தது மலைப்பக்கம் அடிக்கிற ஒரு சாண் கம்பி முளைகள். காய்ந்த மணல் பிடிப்பு கொடுக்காது, இழுத்த மாத்திரத்தில் வெண்ணெயிலிருந்து கத்தி வருவதுபோல் வந்துவிடும். மணலில் கூடாரம் நிற்க வேண்டுமானால் ஒவ்வொரு கயிற்றின் நுனியிலும் மணல் நிரப்பிய சாக்கைக் கட்டி, ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்து மேலே மிதித்துவிட வேண்டும். இது தெரியாதவர் கடற்கரைக் கூடாரம் நடத்தியதே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். முன்பதிவு செய்யும்போதே “மணலில் முளை எப்படி நிற்கும்?” என்று கேட்டுப் பாருங்கள். பதிலிலேயே ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெள்ளை மணல் வெளிச்சத்தைக் கீழேயிருந்து திருப்பி அடிக்கும். தொப்பி போட்டிருந்தாலும் தாடை, மூக்கின் அடிப்பக்கம், குழந்தைகளின் கழுத்து எல்லாம் கன்றிப்போகும். பதினொன்றிலிருந்து மூன்றரை வரை தார்ப்பாய் நிழலோ மர நிழலோ இல்லாமல் உட்கார வைப்பது ஆபத்து.

மத்தியானம் ஒரு ஃபைபர் வல்லம் வந்தது, ஆளுக்கு ரூ. 500 தனியாகக் கேட்டார்கள். மீன்பிடிப் படகில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றக் கூடாது. 14 பேருக்கு லைஃப் ஜாக்கெட் 5 இருந்தது. அதில் ஒன்றை எடுத்து ஓரத் தையலில் விரலை வைத்து அழுத்தியதும் உள்ளே இருந்த நுரைத்தகடு உளுத்த மரத்தூள் மாதிரி கொட்டியது. ஜிப் துருப்பிடித்து நடுவில் நின்றுவிட்டது, இடுப்புப் பட்டையின் கொக்கியைக் காணோம். அப்படிப்பட்ட ஜாக்கெட் தண்ணீரில் தூக்காது, ஊறிக்கொண்டு கீழே இழுக்கும். ஏறுவதற்கு முன் நுரையை அழுத்திப் பாருங்கள், எல்லாக் கொக்கியையும் மாட்டி, தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அந்த ஆளுக்கு அது அளவில்லை. குழந்தைகளுக்குக் குழந்தை அளவுதான் வேண்டும். நாங்கள் யாரும் ஏறவில்லை.

கடல் எந்தப் பக்கம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஊரில் பாக் சலசந்திப் பக்கத்தைப் பெண் கடல் என்றும், மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் ஆண் கடல் கொந்தளிக்கும், வாடை (வடகிழக்குக் காற்று) காலத்தில் பெண் கடல் கலங்கும். ஆக, மே கடைசியில் மன்னார் பக்கம் ‘கண்ணாடி மாதிரி தண்ணீர்’ என்று வாக்குக் கொடுப்பவருக்கு அந்தக் கடல் தெரியாது. ஆளில்லாத கரையில் உயிர்காப்பாளர் இருக்க மாட்டார். அலை உடையாமல் கறுப்பாக, அமைதியாகத் தெரிகிற இடத்தில்தான் உள் இழுப்பு இருக்கும், பிள்ளைகளை அங்கே இறக்காதீர்கள். இழுப்பில் மாட்டினால் கரையை நோக்கி நீந்தக் கூடாது, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். கடலில் அவசரம் என்றால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093.

வண்டி. மஞ்சள் போர்டு 17 சீட் என்று பேசி, வந்தது வெள்ளை போர்டு. சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி தப்பு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்க அதுவே காரணமாகிவிடும். வண்டி எண்ணை முந்தின நாளே வாங்கி எம்பரிவாகன் செயலியில் போட்டால் எஃப்.சி., இன்சூரன்ஸ், பெர்மிட் எதுவரை இருக்கிறது என்று தெரியும். கடைசி நேரத்தில் வண்டி மாற்றினால் ஏறாதீர்கள். திருவண்ணாமலை, விழுப்புரம், திருச்சி, மதுரை வழியாக மண்டபம் 500 கிலோமீட்டருக்கு மேல். ராத்திரி ஒன்பதுக்குக் கிளம்பி இரண்டு டிரைவர் இல்லாமல் போகவே கூடாது. எங்களுக்கு ஒருவர்தான்.

அந்த வண்டியை மணலுக்குள் இறக்கி, பின்சக்கரம் அச்சு வரை புதைந்தது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கும். சக்கரத்துக்கு முன்னால் மணலைப் பறித்து, பனைமட்டையோ சாக்கோ திணித்து, காற்றைக் குறைத்து, மெதுவாக எடுக்க வேண்டும். கடைசியில் டிராக்டர் வந்து இழுத்தது, ரூ. 3,000. அதையும் எங்களிடமே கேட்டார்கள். அதைவிட மோசம் சாயங்காலம். “மீதிப் பணத்தைப் போட்டாத்தான் வண்டி கிளம்பும்” என்றார்கள். பெரியவர்களுக்குக் கால் வீங்கியிருந்தது, குழந்தைகள் அழுதுகொண்டிருந்தார்கள், கொடுத்துவிட்டோம். இதற்கு வழி முன்பே வைக்க வேண்டும்: முன்பணம் கால் பங்குக்கு மேல் வேண்டாம், பாதி போய்ச் சேர்ந்த பிறகு, மீதி வேலூர் திரும்பி இறங்கிய பிறகு. அப்படி எழுதிக் கொடுக்க மறுக்கிறவரிடம் பதிவு செய்யாதீர்கள். நடுவழியில் மிரட்டினால் 112க்கு அழையுங்கள்.

அமைதியான கரைதான் வேண்டும் என்றால் சொந்தமாகவே போகலாம். உச்சிப்புளி பக்கத்து அரியமான் பாக் சலசந்திக் கரையில் இருக்கிறது, அலை குறைவு, சவுக்கு நிழல் உண்டு. தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரை 2017இலிருந்து தார்ச்சாலை இருக்கிறது, உங்கள் காரே போகும். ஜீப் எடுத்தால்தான் போக முடியும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இருட்டுவதற்குள் எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள், அங்கே கடலில் இறங்கிக் குளிக்கவும் கூடாது.

ஏமாந்தவர்கள் செய்ய வேண்டியது இரண்டு விதம். பணத்தை வாங்கிக்கொண்டு போனை அணைத்துவிட்டார் என்றால் அது மோசடி. உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குச் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால் அந்தக் கணக்கில் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். கூட்டிப்போய்ச் சொன்னதைச் செய்யவில்லை என்றால் அது சேவைக் குறைபாடு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியுங்கள், தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், கொடுத்த பணம் 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, 2 ஆண்டுக்குள் போட வேண்டும். அதற்கு முன் ஸ்பீட் போஸ்டில், போய்ச் சேர்ந்ததற்கான ஆதாரத்தோடு ஒரு நோட்டீஸ் அனுப்பி வையுங்கள். அட்டையின் ஸ்கிரீன்ஷாட், ஜிபே பரிவர்த்தனை எண், வாட்ஸ்அப் உரையாடலின் முழு ஏற்றுமதி, நம்பர் பிளேட் தெரிகிற மாதிரி வண்டியின் படம், இறக்கிவிட்ட இடத்தின் லொகேஷன், இவை ஐந்தும் வேண்டும். உரையாடலை அன்றைக்கே சேமித்துவிடுங்கள். எங்களுக்கு அனுப்பிய செய்திகளில் ஒன்பதை அந்த ஆள் மறுநாள் காலையில் அழித்துவிட்டார்; முந்தின ராத்திரியே ஏற்றுமதி செய்து வைத்திருந்ததால் அவை இப்போது மனுவோடு இணைப்பாக இருக்கின்றன.

அதே சாய்ந்த தென்னை, அதே ஊஞ்சல், இந்த வாரம் வேறு பெயரில், தலைக்கு ரூ. 5,999 என்று காட்பாடி குழுக்களில் வந்திருக்கிறது. உங்கள் குழுவில் பார்த்தால் இந்தப் பதிவை அதற்குக் கீழே போட்டுவிடுங்கள்.