சிம்ஸ் 2, 3, 4: எதை நிறுவலாம்?

சிம்ஸ் என்பது ஆட்களை உருவாக்கி, வீடு கட்டி, அவர்கள் வாழ்க்கையை நடத்தும் கணினி விளையாட்டு. காசு போடாமல் தொடங்க சிம்ஸ் 4. அடிப்படை ஆட்டம் 2022 அக்டோபரிலிருந்து இலவசம். வீடு கட்டுவதும் இதில்தான் எளிது. ஆனால் பருவகாலம், செல்லப்பிராணி, பல்கலைக்கழகம் எல்லாம் தனித்தனிப் பேக் (காசு கொடுத்து வாங்கும் கூடுதல் தொகுப்பு). முழு விலைக்கு வாங்காதீர்கள், தள்ளுபடி அடிக்கடி வரும்.

என் ஓட்டு 2009-இல் வந்த சிம்ஸ் 3-க்கு. ஊர் முழுக்க ஒரே உலகம். லோடிங் திரையே இல்லாமல் வீட்டிலிருந்து பூங்காவுக்கு நடந்து போகலாம். சோபாத் துணி, சட்டை, தரை எதற்கும் நிறமும் டிசைனும் மாற்றலாம். அந்தச் சுதந்திரம் அடுத்த பதிப்பில் இல்லை, பெரிய இழப்பு.

சிக்கலும் சிம்ஸ் 3-இல்தான் அதிகம். விண்டோஸ் பதிப்பு 32 பிட் என்பதால் 16 ஜிபி ரேம் இருந்தாலும் 4 ஜிபிக்கு மேல் எடுக்காது. அது நிரம்பினால் சேமிக்கும்போது 'எரர் 12' வரும். தேவையான விரிவாக்கங்களை மட்டும் நிறுவுங்கள். 'சேவ் ஆஸ்' கொடுத்துப் புதுப் பெயரில் சேமியுங்கள். ஃபிரேம் வேகத்துக்கு (வினாடிக்கு எத்தனை படம் என்பதற்கு) வரம்பில்லாததால் கிராபிக்ஸ் கார்டு வீணாகச் சூடேறும்; அந்தக் கார்டின் டிரைவர் அமைப்பில் 60 என்று வையுங்கள். என்ராஸ் ஓவர்வாட்ச் என்ற மாட் (ரசிகர்கள் செய்த துணை நிரல்) போட்டால், தேங்கும் கார்களும் சிக்கிக்கொண்ட ஆட்களும் ஆட்டத்தின் ஒவ்வோர் இரவும் சரியாகும்.

தலைமுறைக் குடும்பக் கதை பிடித்தவர்களுக்கு சிம்ஸ் 2. 2025 ஜனவரியில் லெகசி பதிப்பாக (பழைய ஆட்டத்தின் மறுவெளியீடாக) திரும்பியது. ஐகியா பேக் தவிர மற்ற எல்லாப் பேக்கும் சேர்ந்தே வரும்.